மேட்டுக்குப் போன கட்டில்

காலையில் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு போனபோதுதான் ஆலோமணி முற்றத்தில் அந்தக் கோட்டைப் பார்த்தாள். அடிகுழாய்க்கும் சமையல் கொட்டகைக்கும் நடுவே, யாரோ அரிவாள் முனையால் இழுத்துவிட்டது மாதிரி இருந்தது. சாம்பல் கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சணல் குச்சியை ஒடித்து அதற்குள் விட்டாள். முழங்கை நீளக் குச்சி அப்படியே உள்ளே போனது. அடியில் எங்கும் தட்டவில்லை.

கங்கை நாலு நாளாக வடிந்துகொண்டிருந்தது. ஏறுகிற தண்ணீரைப் பார்த்து காசிம்டோலா ஊரில் யாரும் அவ்வளவாக மிரள மாட்டார்கள். இறங்குகிற தண்ணீர்தான் கரையைத் தின்னும். ஒரு மாதம் ஊறிக் கிடந்த மண்ணை அதுவரை தாங்கி நின்ற தண்ணீர் விலகிவிட்டால், மண் அடுக்கடுக்காகச் சரியும். முந்தாநாள் மசூதிக்குப் பின்னால் இருந்த மாந்தோப்பு போனது. நேற்று பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். இன்று ஆற்றுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் நாற்பது அடி இருந்தால் அதிகம்.

"ஆலோ! காது செத்துப்போச்சா? எவ்வளவு நேரமாக் கத்தறேன். முதுகு எரியுது."

அவள் புருஷன் நிபாரணின் குரல்தான் அது. அவள் உள்ளே போனாள்.

நாலு வாரத்துக்கு முன் அவனுடைய அண்ணன் ஹரிபதா டவுனிலிருந்து ஓர் இரும்பு பீரோ வாங்கி வந்தான். படகிலிருந்து அதை இறக்கும்போது பலகை புரண்டது. பீரோ நிபாரணின் வலது தொடைமேல் விழுந்தது. இருபது வருஷம் கல்கத்தாவில் சாமான் தூக்கியவன் அவன். ஆள் திரும்ப இடமில்லாத படிக்கட்டுகளில் நாலாம் மாடியிலிருந்து பியானோ இறக்கியிருக்கிறான். ஒரு கண்ணாடிகூடக் கீறல் பட்டதில்லை என்பான். சொந்த ஊர்ப் படித்துறையில், சொந்த அண்ணனின் பீரோவுக்கு அடியில் மாட்டிக்கொண்டான்.

வெள்ள நேரம். ஆஸ்பத்திரியில் தரையில்கூட இடம் இல்லை. ஐந்தாம் நாள் கம்பவுண்டரோடு படகில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். கம்பவுண்டர் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கப்பியைப் பொருத்தினார். முழங்காலுக்குக் கீழே ஒட்டுப்பட்டை சுற்றி, அதிலிருந்து ஒரு கயிற்றைக் கப்பி வழியாக விட்டு, நுனியில் மூன்று செங்கல் போட்ட பையைத் தொங்கவிட்டார். "ஆறு வாரம். பை தொங்கிக்கிட்டே இருக்கணும். ஆளைத் தூக்கக் கூடாது, புரட்டக் கூடாது. எலும்பு இப்பத்தான் ஒண்ணை ஒண்ணு தேடிக்கிட்டிருக்கு. விலகிப்போச்சுன்னா இந்தக் காலை மறந்துடுங்க" என்றார். அதில் மூன்று வாரம் முடிந்திருந்தது.

ஆலோமணி விசிறியை எடுத்தாள். வீசாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"முற்றத்துல கோடு விட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?"

"குழாய்க்கு இந்தப் பக்கம். குச்சி விட்டுப் பார்த்தேன். முழுக்கப் போயிடுச்சு."

நிபாரண் கூரையைப் பார்த்தான். அங்கே ஒரு பல்லி இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சாயங்காலம் வரைக்கும் தாங்காது" என்றான்.

அவள் விசிறியை அவன் மார்பின் மேலேயே வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

ஹரிபதாவின் வீடு கூப்பிடு தூரம். அவனும் இரண்டு மகன்களும் கூரைமேல் ஏறித் தகரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஊரே அன்று கூரைமேல்தான் இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தகரத்தில் சுத்தியல் அடிக்கும் சத்தம். புருஷனின் அண்ணன் முன்னால் முகம் காட்டிப் பேசுகிற வழக்கம் அங்கே இல்லை. ஆலோமணி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கீழே ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த மருமகள் பிஜுலியிடம் சொன்னாள்.

"உன் மாமனார்கிட்ட சொல்லு. எங்க முற்றத்துல கோடு விட்டிருச்சு. அவரைக் கட்டிலோட தூக்கணும். நாலு ஆம்பளை வேணும்."

பிஜுலி அண்ணாந்து பார்த்தாள். அவள் சொல்லுமுன் ஹரிபதாவே மேலேயிருந்து பதில் சொன்னான், பிஜுலியைப் பார்த்து.

"தகரம் இறக்கிட்டு வரோம்னு சொல்லும்மா. பாதியில விட்டா காத்துல பறந்துடும்."

"எப்ப முடியும்னு கேளு."

"மதியம் ஆகும். அப்புறம் பீரோவை வேற எடுக்கணும். அதுக்கப்புறம் உடனே வரோம்."

பீரோ என்ற சொல்லைக் கேட்டதும் ஆலோமணி முக்காட்டைப் பின்னால் தள்ளினாள். ஹரிபதாவின் முகத்தைக் கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"அண்ணா, அவரு தொடைமேல விழுந்தது உங்க பீரோதான். அதுக்கப்புறம்தான் என் புருஷனா?"

சுத்தியல் நின்றது. மகன்களில் ஒருவன் இருமினான். ஆலோமணி திரும்பி நடந்தாள். வாசலைத் தாண்டுவதற்குள் சுத்தியல் சத்தம் மறுபடி கேட்டது.

வீட்டில் நிபாரண் முடிவெடுத்து வைத்திருந்தான்.

"தையல் மிஷினை எடுத்துக்க. பாத்திரம், அரிசி, ரேஷன் கார்டு. ஆட்டை அவுத்துவிடு. நீ கரைமேட்டுச் சாலைக்குப் போ."

"நீங்க?"

"அண்ணன் வந்தா வருவேன். வரலேன்னா இந்தக் கட்டிலும் நானும் கடலுக்குப் போறோம். நல்ல மரம். மிதக்கும்."

"சிரிப்பா வருது எனக்கு."

"வேற என்னடி செய்யச் சொல்றே? இது என்ன கயித்துக் கட்டிலா? சால் மரம், இரும்பு மாதிரி. படகுலேருந்து இதை உள்ள கொண்டுவந்தப்ப ஏழு பேரு. அப்ப நான் மேல படுத்திருக்கல. இப்ப என் எடையும் சேர்ந்திருக்கு."

"ஆளை மட்டும் தூக்கினா?"

"தூக்கு. தொடை ரெண்டா மடங்கும். அதையும் மடிச்சு எடுத்துட்டுப் போ."

ஆலோமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கட்டிலின் கால் அவள் கண்ணுக்கு நேராக இருந்தது. சிங்கத்தின் பாதம் மாதிரி செதுக்கிய கால். கல்கத்தாவில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்தபோது, வீட்டுக்காரர்கள் வேண்டாமென்று விட்ட கட்டில் அது. அவள் அந்தக் காலில் தோளை வைத்துத் தள்ளினாள். தரையில் ஒரு நகக்கண் அளவுகூட நகரவில்லை.

"அட முட்டாளே" என்றான் நிபாரண். குரல் மாறியிருந்தது. "மண் தரையில கால் இறங்கி உட்கார்ந்திருக்கு. அதைத் தள்ளினா தரையைத்தான் உழுவே. எடையோட ஏன் மல்லுக்கு நிக்கறே? தரைக்கும் இதுக்கும் இருக்கற பிடிப்பை அறுக்கணும். அறுத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது."

"எப்படி அறுக்கறது?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுகிறவன் மாதிரி.

"கதவைக் கழட்டு. ரெண்டு பலகையும் பலாமரம், கெட்டி. இந்தப் பக்கத்து ரெண்டு காலுக்கும் ஒரு பலகை, அந்தப் பக்கத்து ரெண்டு காலுக்கும் ஒரு பலகை. அது சறுக்கு. அதுக்கடியில வாழைமரம் போடணும், குறுக்க, முழத்துக்கு ஒண்ணு. படகைக் கரையேத்தற மாதிரி. பன்னெண்டு மரமாவது வேணும். இழுக்க ஆறு பேர். பொம்பளையா இருந்தாலும் போதும்."

"பன்னெண்டு வாழைக்கு நான் எங்க போறது?"

இருவருக்கும் தெரிந்த இடம்தான். வேலிக்கு அந்தப்புறம் ரெஜியா பீபியின் வாழைத்தோட்டம். இரண்டு வருஷத்துக்கு முன் ஆலோமணியின் ஆடு அங்கே புகுந்து நாலு கன்றைக் கடித்துவிட்டது. அன்று பேசிய பேச்சுக்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை.

ரெஜியா பீபி பீடி இலைக் கட்டுகளைச் சாக்கில் திணித்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கேரளாவில் கட்டட வேலையில் இருந்தான். அந்த வருஷம் காசிம்டோலாவில் பாதி ஆம்பிளைகள் அங்கேதான். அவளோடு சேர்ந்து பீடி சுற்றுகிற மூன்று பெண்கள் அவளுக்குச் சாமான் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆலோமணி வேலிக்கு வெளியிலேயே நின்று, அக்கா முறையில் கூப்பிட்டாள்.

"தீதி."

ரெஜியா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சாக்கைப் பார்த்தாள்.

"உன் ஆடு இங்க வரல."

"ஆடு இல்ல. வாழை வேணும். பன்னெண்டு மரம்."

"பன்னெண்டா? குலை தள்ளினதே அஞ்சு நிக்குது."

"அவரைக் கட்டிலோட இழுக்கணும். வேற வழியில்ல."

ரெஜியா சாக்கின் வாயைச் சுருட்டிக் கட்டினாள். மெதுவாகக் கட்டினாள்.

"அன்னிக்கு என்ன சொன்னே நீ? நாலு கன்னுக்காக நான் வந்து கத்தினப்ப? 'எப்படியும் ஆறு திங்கப் போறதுதானே'ன்னே. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லிட்டு சிரிச்சே."

"சிரிச்சேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், அதைக் கேட்டுக்கொண்டு நிற்க யாருக்கும் நேரமில்லை என்று தோன்றியது. வேலி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆற்றுப் பக்கம் ஏதோ சரிந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. ரெஜியா எழுந்து, கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினாள்.

"ஆறு தின்னுட்டுப் போறதுக்கு, வாயாடிப் பய உன் புருஷன் தின்னுட்டுப் போறான். ஏய் புள்ளைங்களா, பீடி எங்கயும் ஓடிடாது. வாங்க."

குலை தள்ளிய ஐந்தையும்தான் அவள் முதலில் வெட்டினாள்.

வேலை சூடு பிடித்தது. ஆலோமணி கதவைக் கழற்றினாள். நிபாரண் படுத்தபடியே அதிகாரம் செய்தான். கதவின் முன் விளிம்பை அரிவாளால் சாய்வாகச் சீவச் சொன்னான். சீவாவிட்டால் அது மண்ணைக் குத்தி நிற்கும் என்றான். ஒவ்வொரு மூலையாக உலக்கையை அடியில் கொடுத்து, செங்கல்மேல் வைத்து நெம்பினார்கள். கால் நான்கு விரல் உயர்ந்ததும் ஒருத்தி பலகையை உள்ளே தள்ளினாள். ஒவ்வொரு நெம்புக்கும் நிபாரண் ஊர் கேட்கக் கத்தினான்.

"கொல்றீங்களேடி! மெதுவா! பிரசவம் பார்க்கறீங்களா, கட்டில் தூக்கறீங்களா?"

"உன் புருஷன் வாய்க்கு மட்டும் எண்ணெயே தேவையில்ல ஆலோ" என்றாள் ரெஜியா. "அது பாட்டுக்கு வழுக்கிட்டுப் போகுது."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஆலோமணிக்கும் சிரிப்பு வந்தது, அந்த நேரத்திலும்.

துணி சோப்பு மூன்று கட்டி இருந்தது. அதைச் சீவி ஒரு வாளித் தண்ணீரில் கரைத்தார்கள். கடுகெண்ணெய் அரை சீசா இருந்தது. ஆலோமணி அதைக் கையில் எடுத்துத் தயங்கினாள். மேட்டில் எத்தனை நாள் கிடக்கப் போகிறோமோ, வெறும் சோற்றுக்கு அதுதான் துணை.

"ஊத்து" என்றான் நிபாரண். "பலகையோட அடியில தேய். சோப்பு காஞ்சா ஒட்டும், எண்ணெய் காயாது."

சாய்க்காமல் வாசல் வழியே கட்டில் போகாது. சணல் குச்சித் தட்டிக்கு மண் பூசிய மேற்குச் சுவரை உலக்கையால் இடித்துத் திறந்தார்கள். திடீரென்று வீட்டுக்குள் அவ்வளவு வெயில். அடுப்பங்கரையில் நேற்றைய சோறு நீரில் கிடந்தது. ரெஜியா அதைப் பார்த்துவிட்டு, "வெறும் வயித்துல இழுக்க முடியாது" என்று சட்டியோடு தூக்கி வந்தாள். ஐந்து பேரும் நின்றுகொண்டே, உப்பும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு ஆளுக்கு நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நிபாரணுக்கு ஆலோமணி ஊட்டினாள். இரண்டு வாய்க்குமேல் அவன் வேண்டாமென்று தலையைத் திருப்பிக்கொண்டான்.

அப்போது இடித்த சுவர் வழியே பிஜுலி உள்ளே வந்தாள். ஏழு மாத வயிறு. புடவைத் தலைப்பில் ஆணிகள் இன்னும் முடிந்திருந்தன.

"சின்னத்தை, நான் வந்துட்டேன்."

"நீ எதுக்கு வந்தே? உன் மாமனார் தேடுவாரு."

"தேடட்டும். என்னால இழுக்க முடியாது. வேற ஏதாவது சொல்லுங்க."

நிபாரண் அவள் வயிற்றைப் பார்த்தான்.

"செங்கல் பையைப் பிடிச்சுக்கம்மா. ஆடக் கூடாது, எதுலயும் தட்டக் கூடாது. தூக்கவும் வேணாம், இழுக்கவும் வேணாம். அது பாட்டுக்குத் தொங்கணும். நீ பக்கத்துல நடந்து வா."

பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னான். "காலை முன்னாடி வச்சு இழுங்க."

ஆலோமணி பதறினாள். "ஐயோ, வேணாம். சவத்தைத்தான் அப்படி எடுப்பாங்க."

"தலை முன்னாடி போனா மேடு ஏறறப்ப உடம்பு கீழ்நோக்கிச் சரியும். எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறிடும். கால் மேல இருந்தாத்தான் உடம்பு எடை எதிர்ப்பக்கம் இழுக்கும். சவம் மாதிரியே எடு. பொழச்சு வந்து சண்டை போடறேன்."

கால்மாட்டுச் சட்டத்தில் இரண்டு சணல் வடம் கட்டினார்கள். வாழைமரங்களைப் பாதியாகப் பிளந்து, வழவழப்பான பக்கம் மேலே வருமாறு குறுக்கே போட்டார்கள். சோப்புத் தண்ணீரைத் தெளித்தார்கள். நிபாரண் எண்ணினான். ஒண்ணு, ரெண்டு, மூணுக்கு இழு.

முதல் இழுப்பில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் அடியில் ஏதோ கிரீச்சிட்டது. மூன்றாவது இழுப்பில் கட்டில் பட்டென்று விடுபட்டு, இரண்டு கை விரித்த தூரம் வழுக்கிக்கொண்டு வந்தது. இழுத்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். ஆலோமணி எழுந்து பார்த்தாள். அவளால் நம்ப முடியவில்லை. ஏழு ஆண்கள் தூக்கிய மரம் வெயிலில் வந்து நின்றது, மேலே அவள் புருஷனோடு.

"பார்த்தியா?" என்றான் அவன். முகமெல்லாம் வேர்வை.

இடித்த சுவரிலிருந்து கரைமேட்டின் அடி வரைக்கும் நூறு அடிக்குமேல் இருக்கும். பின்னால் விட்டுப்போன வாழையை எடுத்து எடுத்து முன்னால் போட்டார்கள். மண் காய்ந்த இடத்தில் தண்ணீர் தாராளமாக ஊற்றச் சொன்னான் நிபாரண். அரை ஈரம்தான் பசை மாதிரி பிடிக்கும் என்றான். வெயில் உச்சிக்கு வந்தது. வாழைச்சாறு பட்டு எல்லோருடைய கையும் சேலையும் கறுத்துப்போயின. வடம் அறுத்து ரெஜியாவின் உள்ளங்கையில் தோல் உரிந்தது. அவள் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டாள். பாதி வழியில் பின்னால் பெரிய சத்தம். திரும்பினார்கள். சமையல் கொட்டகை இல்லை. அடிகுழாய் சாய்ந்து, தண்ணீருக்கு மேலே கொஞ்ச நேரம் கைப்பிடியைக் காட்டிக்கொண்டிருந்து, மூழ்கியது. கட்டில் முதலில் நின்றிருந்த இடத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே இப்போது வீட்டின் கிழக்குச் சுவரும் ஒரு கீற்று முற்றமும் மட்டும்தான்.

"நிக்காதீங்க" என்றான் நிபாரண்.

மேட்டின் அடிக்கு வந்ததும்தான் ஆலோமணிக்கு உண்மையான பயம் வந்தது. இரண்டு ஆள் உயரம். மழையில் ஊறிய களிமண். நேராக ஏற முடியாது. மாடுகள் ஏறும் சாய்வுத் தடம் ஒன்று பக்கவாட்டில் போனது. ஒருத்தி முதலில் ஏறிப் பார்த்தாள். இரண்டு அடி வைத்து வழுக்கி முட்டி போட்டாள்.

"இங்க வேற கதை" என்றான் நிபாரண். "பலகைக்கு வழுக்கணும், உங்க காலுக்கு வழுக்கக் கூடாது. வாழைக்குச் சோப்பு, நீங்க மிதிக்கற இடத்துல சாம்பல் போடுங்க. உமி இருந்தா அதையும். மேல அந்த வேப்பமரம் இருக்கில்ல? ஒரு வடத்தை அதுல ரெண்டு சுத்து சுத்துங்க. காஞ்ச மரப்பட்டை. ரெண்டு சுத்துக்கு ஒரு பொம்பளை பிடிச்சா யானையும் நிக்கும். நீங்க ஒரு முழம் இழுத்தா, அவ ஒரு முழம் சுருக்கணும். நடுவுல விடவே கூடாது."

மரத்தடிக்கு ரெஜியா போனாள். ஆலோமணி ஓடிப்போய், மிஞ்சிய முற்றத்தின் ஓரத்தில் காலையில் விட்டுவந்த சாம்பல் கூடையை எடுத்து வந்தாள். அதற்கு அப்பால் நிலம் இல்லை. அவள் கீழே பார்க்கவில்லை.

இழுத்தார்கள். ஒரு முழம். ரெஜியா சுருக்கினாள். இன்னொரு முழம். கால் வைக்கும் இடத்தில் சாம்பல் கரகரத்தது. நிபாரணின் தலை கீழாகவும் கால் மேலாகவும் கட்டில் சாய்ந்து ஏறியது. இரண்டு கையாலும் பக்கச் சட்டங்களைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு அசைவுக்கும் கத்தினான், வைதான். "ரெஜியா, உன் கேரளாக்காரன் வந்து பார்க்கட்டும், நீ என்னைக் கயித்துல கட்டி இழுக்கறதை!" மேலேயிருந்து அவள், "அவன் வந்தா உன் கட்டிலுக்குக் கீழ அவனைப் போட்டு உருட்டறேன், வழுக்கையா இருக்கான்" என்றாள்.

பாதிக்குமேல் ஏறியாகிவிட்டது. அப்போது இடப்பக்கத்தில் ஒரு வாழை நசுங்கி விலகியது. அந்தப் பக்கப் பலகை அதைவிட்டு இறங்கியது. கட்டில் குலுங்கி, பின்னால் ஓடத் தொடங்கியது.

இழுத்துக்கொண்டிருந்த நாலு பேரின் கையிலிருந்தும் வடம் உருவிக்கொண்டு போனது. ஆலோமணி விழுந்தாள். வேப்பமரத்தில் சுற்றியிருந்த வடம் அலறியது. ரெஜியா இரண்டு காலையும் மரத்தில் உதைத்துக்கொண்டு பின்னால் மல்லாந்து தொங்கினாள். ஒரு ஆள் நீளத்துக்குச் சறுக்கிய கட்டில், வடம் இறுகியதும் வெட்டியது மாதிரி நின்றது. அந்த வெட்டில் பிஜுலியின் கையிலிருந்து பை பறந்தது. ஒட்டுப்பட்டை உரிந்துகொண்டு வந்துவிட்டது. மூன்று செங்கலும் சரிவில் உருண்டு போயின. பிஜுலி முட்டிபோட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"பிஜுலி!"

"ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகல சின்னத்தை. மாமாவைப் பாருங்க."

நிபாரண் கத்தவில்லை. கண் அகலத் திறந்திருந்தது.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றான். மூச்சை இழுத்துக்கொண்டான். "பைதானே போச்சு. மேல போய் வேற கல்லு கட்டிக்கலாம். பலகைக்கடியில புது வாழை போடு. போட்டுட்டு இழு."

"வலிக்குதா?"

"போடுடி."

போட்டார்கள். இழுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் ஒருமுறைகூடக் கத்தவில்லை. கதை சொன்னான். கல்கத்தாவில் ஒரு ஜமீன்தார் வீட்டுக் கிழவி, பியானோவோடு கூடவே தானும் உட்கார்ந்து வருவேன் என்று அடம்பிடித்த கதை. இறக்குகிற வழியெல்லாம் அவள் வாசித்துக்கொண்டே வந்தாளாம். மூன்றாம் மாடியில் பாட்டு தப்பிப்போனதற்கு இவனை வைதாளாம். பெண்கள் சிரித்துக்கொண்டே இழுத்தார்கள். எண்ணிக்கை மட்டும் அவன் விடவில்லை. கதைக்கு நடுநடுவே ஒண்ணு, ரெண்டு, மூணு. வலி குறைந்திருக்கிறது போல, கால் மேலே இருப்பது நல்லதாகிவிட்டது போல என்று ஆலோமணி நினைத்துக்கொண்டாள்.

கட்டில் மேட்டின் தலைக்கு வந்து சமமாக நின்றபோது எல்லோரும் அப்படியே மண்ணில் சாய்ந்தார்கள். யாரோ ஒருத்தி ஓவென்று அழுதாள். ரெஜியா மரத்தடியிலிருந்து வடத்தை விடாமலே, "வந்தாச்சா? வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆலோமணி கட்டிலருகே போனாள்.

"வந்துட்டோம்" என்றாள்.

அவன் தலையாட்டினான். கீழுதட்டில் பல் இறங்கி ரத்தம் காய்ந்திருந்தது. கை இன்னும் சட்டத்தைப் பிடித்திருந்தது. அவள் எடுக்கப் பார்த்தாள், விரல் பிரியவில்லை. அவள் போர்வையை விலக்கினாள்.

வலது பாதம் வெளிப்பக்கமாக முழுதும் சாய்ந்து கிடந்தது, யாருடைய பாதமோ மாதிரி. இரண்டு குதிகாலும் ஒன்றாக இல்லை. வலதுகால் நாலு விரல் குட்டையாகியிருந்தது. தொடை பானை மாதிரி வீங்கியிருந்தது.

"எப்ப?" என்றாள்.

"வடம் வெட்டி இழுத்தப்ப."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நின்னிருப்பீங்க." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "பாதி மேட்டுல நின்னா... மறுபடி இழுக்க யாருக்கும் கை வராது. எனக்குத் தெரியும்."

அவள் அவன் நெற்றியில் கையை வைத்தாள். பனிக்கட்டி மாதிரி இருந்தது. அவ்வளவு வெயிலில் அவன் நடுங்கினான். பியானோ கதையின் மிச்சத்தைச் சொல்ல வாயெடுத்தான், சொல் குழறியது.

பிஜுலி எப்போது போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. மேட்டுச் சாலையில் மணி அடித்துக்கொண்டு, சாமான் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டி வேன் ஒன்று வந்தது. ஹரிபதா மிதித்தான், மகன்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். வண்டியில் ஒன்றுமில்லை. ஏற்றியிருந்த தகரமெல்லாம் சாலையில் கொட்டிக் கிடந்ததைப் பிற்பாடு பார்த்தார்கள். ஹரிபதா குதித்து இறங்கி, தம்பியின் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பிறகு மகன்களைப் பார்த்துக் கத்தினான்.

"என்னடா பார்க்கறீங்க? ஆஸ்பத்திரிக்குப் போயாகணும். கையைக் காலைப் பிடிங்க. தூக்கிப் போடுங்க வண்டியில."

அவர்கள் குனிந்தார்கள்.

"கையை எடுங்க!"

ஆலோமணியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"யாரும் தூக்கக் கூடாது. வண்டியைக் கட்டிலோட ஒட்டி நிறுத்துங்க. சக்கரத்துக்குக் கல்லு வையுங்க. தீதி, அந்தக் கதவுப் பலகை ஒண்ணை உருவிக் கொடுங்க. ரெண்டுக்கும் நடுவுல பாலம் மாதிரி."

ரெஜியா உலக்கையை எடுத்தாள். மற்ற பெண்களும் எழுந்துவிட்டார்கள். பலகை வந்தது. ஆலோமணி உரச்சாக்கு ஒன்றைக் கிழித்து, வாளியின் அடியில் தங்கியிருந்த சோப்புக் குழம்பை அதன்மேல் வழித்துப் பூசி, பலகைமேல் விரித்தாள். பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த மெத்தை அவன் முதுகுக்கு அடியில் இருந்தது. அதன் நாலு மூலையையும் சுருட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். ஹரிபதாவின் இரண்டு கையையும் பிடித்து இழுத்து, நிபாரணின் வலது கணுக்காலில் வைத்தாள்.

"இதை உங்க பக்கமா இழுத்துப் பிடிங்க. நேரா. விட்டுறாதீங்க. அவரு கத்தினாலும் விடாதீங்க. நான் சொல்ற வரைக்கும் இழுத்துக்கிட்டே வாங்க."

"எனக்குக் கை நடுங்குதும்மா" என்றான் ஹரிபதா. அழுதுகொண்டிருந்தான்.

"நடுங்கட்டும். விடாதீங்க."

"எல்லாரும் ஒண்ணாத்தான் நகரணும்" என்றாள் மற்றவர்களைப் பார்த்து. "யாரும் மேல தூக்காதீங்க. பக்கவாட்டுல, தரையோட தேய்க்கற மாதிரி. நான் எண்ணறேன்."

நிபாரண் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். 

"ஒண்ணு."

மெத்தையின் மூலைகள் இறுகின.

"ரெண்டு."

அப்போது கீழே, மேட்டுக்குப் பின்னால், மரம் முறிவது போலத் தொடங்கி இடி மாதிரி முடிந்தது ஒரு சத்தம். மேடே அதிர்ந்தது. எல்லாத் தலைகளும் ஆற்றின் பக்கம் திரும்பின. ஒருத்தி "ஐயோ ஆலோ, உன் வீடு" என்றாள்.

ஆலோமணி திரும்பவில்லை. அவள் கண் ஹரிபதாவின் கைகளுக்குள் இருந்த பாதத்தின்மேல் இருந்தது.

"இங்க பாருங்க" என்றாள். "எல்லாரும் இங்க பாருங்க. மூணு."

மெத்தை சத்தமில்லாமல் வண்டிக்கு நகர்ந்தது.